சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்

வடகடல் போகும் மாலுமிகளுக்கான கையேடு.
நூற்றுப் பதினான்கு கலைச்சொற்கள்,
அத்தனையும் மிதக்கும் பனிக்கு.
சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய் என்றார்கள்.
முத்தியால்பேட்டை மாடியறையில்
முழங்கை வியர்வை மையைக் கரைக்க
முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

பனி என்று எழுதினால்
மார்கழி விடியலில் ஒருவர்
பைக் சீட்டைத் துடைக்கிறார்.
கட்டி என்று சேர்த்தால்
சர்பத் தம்ளர் கிணுகிணுக்கிறது.
ஆலங்கட்டி வானத்தின் சொத்து.
கடலே உறைவதென்பதை
நம் கடல் ஒருநாளும் செய்ததில்லை.
செய்யாத காரியத்துக்கு
யார் பேர் வைத்திருப்பார்கள்?

மறுநாள் கடலூர் பஸ்.
முதுநகரில் இறங்கி, கருவாட்டு வாசம் பிடித்து நடந்தால்
உப்பனாற்றங்கரையில் ஐஸ் கம்பெனி.
மேஸ்திரி தைரியநாதன் பலகையைத் தூக்கிக் காட்டினார்.
தொட்டி நிறைய உப்புத் தண்ணீர்,
அதற்குள் கழுத்தளவு தகர டப்பாக்கள்.
"டப்பாவுல இருக்கிறது உறையும்.
சுத்தி இருக்கிறது உறையாது, உப்பு அவ்வளவு.
அதுவும் உறைஞ்சா
கம்பெனியை மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

உறையத் தொடங்கும்போது என்ன சொல்வீர்கள்?
"ஊசி விடுதுன்னுவோம்."
அப்புறம்?
"ஏடு கட்டும்."
நடுவில் வெளுப்பாக இருக்கிறதே?
"அது பாலு. ஓரம் கண்ணாடி."
ஐந்து ரூபாய் சம்பாதித்துவிட்டேன்.

அரவை எந்திரத்தடியில் பெட்டியோடு நின்ற பவழம்
தானாகவே வந்தாள்.
"இத குருணைன்னு எழுது.
இன்னும் பொடிஞ்சா நொய்யி."
போனில் ஒரு படம் காட்டினேன்:
வட்டம் வட்டமாய், ஒன்றையொன்று இடித்து
விளிம்பு மேலேறிய பனி, கடல் முழுக்க.
"ஆப்பம்" என்றாள் உடனே.
பிறகு சந்தேகமாக,
"இவ்ளோத்தையும் யாரு சுட்டது?"

சித்திரை வெயில். மறுநாள் தடைக்காலம்.
கடைசி நடைக்கு அவசரமாய்ப் பின்வாங்கிய டெம்போவின்
பின்கதவுக் கொக்கி விட்டுக்கொடுத்தது.
இருபத்திரண்டு பார்.
ஒவ்வொன்றாகச் சறுக்கி,
யோசித்து, இன்னொன்றும் சறுக்கி
உப்பனாற்றில் விழுந்தன.
டிரைவர் தலையில் கைவைத்தான்.
நான் நோட்டைத் திறந்தேன்.

வற்று நீர் முகத்துவாரத்துக்கு இழுத்தது.
பார்கள் திரும்பின, முட்டின,
இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாய்ப் போயின.
ஒன்று மட்டும் முழுக்க அமிழ்ந்து
முதுகை மட்டும் நனைத்துக் காட்டி
ஃபைபர் போட்டின் அடிவயிற்றை உரசியது.
உள்ளே வலை மடித்த கிள்ளிவளவன் துள்ளினான்:
"டேய், கீழ எதுவோ உறுமுதுடா!"
எழுபத்தோராம் சொல்:
தலை தெரியாத, கப்பலைப் பிளக்கும் சிறு பனித்துண்டு.
உறுமி என்று எழுதினேன்.
மேளமும் அதுதான். இருக்கட்டும்.

அக்கரைக்கு ஆளேற்றிய படகு
கழியால் பார்களை விலக்கி விலக்கிப் போக
வெள்ளைக்கு நடுவே
கருநீராய் ஒரு கோடு திறந்தது,
படகு தாண்டியதும் மூடிக்கொண்டது.
தொண்ணூற்று மூன்று.
மூன்று அகராதியும் பிளவு என்கின்றன.
அடித்துவிட்டுக் கடவு என்றேன்.

படித்துறைப் பையன் ஒருவன்
துண்டு பொறுக்கி வாயில் போட்டான்.
"உப்பே இல்லக்கா."
கையேட்டின் அறுபதாம் பக்கமும் அதையே சொல்கிறது:
வயசான கடற்பனி
உப்பையெல்லாம் கீழே விட்டுவிடும்,
உருக்கிக் குடிக்கலாம்.

பதினோரு நிமிடம்.
பிறகு ஓட்டை விழுந்து, இற்று,
உப்பனாறு உப்பனாறாய்க் கிடந்தது.
முதலாளி பாருக்கு இவ்வளவு என்று
டிரைவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரவு நானும் போட்டேன்.
நூற்றுப் பதினான்காவது:
கண்ணுக்கு எட்டாத பனி
முன்கூட்டியே மேகத்தின் அடியில் பூசும் வெளுப்பு.
திரும்பும் வழியில், பெண்ணையாற்றுப் பாலத்தில்
பஸ் நின்ற நேரமெல்லாம் மேகத்தையே பார்த்தேன்.
சிவப்புதான் இருந்தது.
பில்லில் ஒன்றேகால் ரூபாய் கழித்திருக்கிறேன்.